களவெட்டியிலிருந்து களஞ்சியம் வரை
கல்முனைக் கரையோரத்து நெல்லும் அறுவடைக்குப் பின்னான இழப்பும்

நெற்செய்கையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஏரிலே தொடங்கி அரிவாளோடு முடித்துவிடுவர். குளம் கட்டிய மன்னரும், அணை எழுப்பிய அமைச்சரும், புதிய நெல்லினத்தைக் கண்ட விஞ்ஞானியும் அவ்வரலாற்றில் இடம்பெறுவர். கதிர் அறுத்த நாளுக்கும் உலையில் அரிசி விழும் நாளுக்கும் இடையே நிகழ்பவை அதில் இடம்பெறுதல் அரிது. விளைந்த நெல்லிற் கணிசமான ஒரு பகுதி மனிதர் வாய்க்கு எட்டாமல் அழிவதோ அவ்விடைக்காலத்திலேதான். ஐக்கிய நாடுகள் உணவு விவசாயத் தாபனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட கணிப்பின்படி, உலகில் உற்பத்தியாகும் உணவில் நூற்றுக்கு 14 பங்கு அறுவடைக்குப் பின்னர், சில்லறைக் கடையை அடையுமுன்னரே இழக்கப்படுகின்றது. ஏழு வயல்களில் விளைந்ததில் ஏறக்குறைய ஒரு வயலின் விளைச்சல் வீணாயிற்று எனக் கொண்டால் இதன் பெருமை விளங்கும்.

இவ்விழப்பின் வரலாற்றை அம்பாறை மாவட்டத்துக் கரையோரத்தை, சிறப்பாகக் கல்முனையையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் கண்முன் வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இழப்பு என்பது ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று. வேளாண்மையின் முறை மாறுந்தோறும் அதுவும் இடம் மாறுகின்றது. நீரும் விதையும் இயந்திரமும் வந்து சேர்ந்த விரைவோடு அவற்றுக்கேற்ற அறிவு வயலோரத்தை வந்து சேராமையே எம் பகுதியின் குறை என்பது இங்கு நிறுவப்படும்.

நிலமும் குடியும்

மருதமுனை, நற்பிட்டிமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கிச் செல்லும் ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பட்டியில் அமைந்தவை. கிழக்கே கடல்; மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். உள்நாட்டை நோக்கிச் சென்றாற் சம்மாந்துறையும் இறக்காமமும் உள. முஸ்லிம் ஊரும் தமிழர் ஊரும் மாறிமாறி அடுத்தடுத்து நிற்பதும், இருசாராரும் ஒரே வாய்க்கால் நீரை உண்டு வாழ்வதும் இக்கரையோரத்தின் தனித்தன்மையாகும். போர்த்துக்கேயரால் 1626ஆம் ஆண்டளவில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பலரைக் கண்டியரசன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது வரலாறு. அதற்கு முன்னரும் இங்கு முஸ்லிம்கள் வாழ்ந்தனர். கடலோடு வாணிகம் செய்தோரின் வழித்தோன்றல்கள் நாளடைவிற் போடிமாராகவும் உழவராகவும் ஆயினர்.

மணற்பட்டி ஒடுங்கியது, குடிகளோ மிகுந்தன. வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் போக, நெல்லைப் பரப்பி உலர்த்துதற்கு எஞ்சிய வெளி மிகச் சொற்பம். வயலோ ஊரிலிருந்து சில மைல் தொலைவிலும், மாரியிற் சேறும் நீருமாகவும் கிடப்பது. விளைவிக்க நிலமுண்டு, உலர்த்த நிலமில்லை என்ற இந்நிலைமையை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் எழும் இடர்கள் பலவற்றுக்கு இதுவே வேராகும்.

பழைய முறையும் அதன் அறிவும்

முன்னாளில் அறுத்த கதிர் உப்பட்டிகளாகக் கிடத்தப்பட்டு, வெயிலில் ஓரளவு காய்ந்தபின் கட்டப்பட்டுக் களவெட்டிக்குக் கொண்டுசெல்லப்படும். அங்கே அது சூடாகக் குவிக்கப்படும். சூடு வைத்தல் எளிய தொழிலன்று. மழை பெய்யின் நீர் உள்ளே இறங்காது வழிந்தோடும் வண்ணம் கதிர் உள்நோக்கியும் தாள் வெளிநோக்கியும் அடுக்க அறிந்தவரே அதனை வைப்பர். பின்னர் எருமைகளையோ மாடுகளையோ பிணைத்துச் சூடு மிதிப்பர். மிதித்த நெல்லை மூன்று கால் கொண்ட அவுரியின்மேல் ஏறிநின்று காற்றிலே தூற்றுவர். சிறுபோக அறுவடைக் காலத்திற் கச்சான் காற்று அத்தொழிலுக்குத் துணைபுரியும். களவெட்டியில் நெல்லைப் ‘பொலி’ என்றே வழங்குவர். அங்கே அமங்கலச் சொற்களை விலக்கித் தனிச்சொற்களையே பேசும் மரபும் மட்டக்களப்பு நாட்டில் இருந்தது. இம்மரபுகளைப் பற்றி வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூல் போன்றவற்றால் நாம் அறியக் கிடைத்தது பெரும்பேறாகும்.

களத்திலேயே பங்கீடும் நிகழும். அறுத்தவர் கூலி, முல்லைக்காரன் கூலி, வட்டவிதானையின் உரிமை ஆகியன நெல்லாகவே அளக்கப்பட்டன. முஸ்லிம் உழவர், மழைநீரால் விளைந்ததிற் பத்தில் ஒரு பங்கும், முயன்று பாய்ச்சிய நீரால் விளைந்ததில் இருபதில் ஒரு பங்கும் சக்காத்தாக ஏழைகளுக்கு உரியதெனக் கொள்வர். தமிழர் ஊர்களிற் கோயிலுக்கு அளித்தலும் புதிர் உண்ணலும் மரபு. எனவே களத்திற் சிந்திய நெல் போடியாரின் நட்டம் மாத்திரமன்று. கூலிக்காரனதும் ஏழையினதும் பங்கு அதனுள் அடங்கியிருந்தது.

வீட்டிற் பட்டறை கட்டி நெல்லைச் சேமித்தனர். நன்கு உலர்ந்ததா என்பதனை ஒரு மணியைப் பல்லாற் கடித்தே தீர்மானித்தனர். வெடுக்கென ஒடியின் உலர்ந்தது; நசுங்கின் உலரவில்லை. அந்துப்பூச்சிக்கு வேப்பிலையும் நொச்சியிலையும் இட்டனர். நெல்லை ஊறவைத்தல், அவித்தல், உலர்த்தல், குற்றல் ஆகியன பெண்களின் கையிலிருந்தன. அவித்த நெல்லின் மணி இறுகுவதால் அது குற்றும்போது குருணையாவது குறையும் என்பதனை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

இம்முறையில் இழப்பே இல்லை எனக் கூறுதல் பொருந்தாது. மாட்டின் காலடியிலும் வைக்கோலிலும் மணிகள் தங்கின. எலியும் பறவையும் தம் பங்கைக் கொண்டன. சூட்டினுள் ஈரம் புகுந்தால் நெல் பழுத்து நிறம் மாறிற்று. எனினும் விளைவின் அளவுக்கும் அதனைக் காக்கும் அறிவுக்கும் இடையே ஒரு சமநிலை இருந்தது. ஒரு குடும்பம் விளைவித்ததை அக்குடும்பமே மிதித்து, உலர்த்தி, காத்து, உண்ண இயன்றது.

நீர் பெருகிற்று, விளைவு பெருகிற்று

அச்சமநிலையைக் குலைத்தது கேட்டினால் வந்ததன்று, நன்மையினாலேயே வந்தது. தேசாதிபதி சேர் ஹென்றி வாட் ஆண்ட காலத்தில் (1855–1860) பழைய நீர்ப்பாசன வழக்கங்களுக்குச் சட்டவலுவளித்த கட்டளைச்சட்டம் 1856இல் வந்தது. இறக்காமம், அம்பாறைக் குளங்கள் அக்காலத்திற் புத்துயிர் பெற்றன. பின்னர் 1949இற் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கினியாகலையில் எழுந்த அணையின் பின்னே சேனாநாயக்க சமுத்திரம் விரிந்தது. அத்திட்டம் கொணர்ந்த குடியேற்றங்களின் அரசியல் விளைவுகள் தனியாக ஆராயத்தக்கவை. இங்கு நமக்கு வேண்டுவது நெல்லின் கணக்கே. இருபோகமும் உறுதியாக விளையும் நிலம் பெருகிற்று. 1961இல் மட்டக்களப்பினின்றும் பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டம் நாட்டின் முதன்மையான நெல் மாவட்டங்களுள் ஒன்றாயிற்று.

நீரைத் தொடர்ந்து விதையும் விலையும் வந்தன. 1952இற் பத்தலகொடையில் அமைந்த ஆராய்ச்சி நிலையத்தினின்றும் 1958இல் எச்-4 என்னும் இனமும், 1970ஆம் ஆண்டையொட்டிப் பிஜி இனங்களும் வெளிவந்தன. 1948இல் தொடங்கிய உத்தரவாத விலைத் திட்டத்தின் கீழ்ப் புசல் ஒன்றுக்கு 8 ரூபாவாக இருந்த விலை 1952இல் 12 ரூபாவாயிற்று. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் நெற் சந்தைப்படுத்தற் சபை நிறுவப்பட்டு, கொள்வனவும் களஞ்சியமும் அதன் பொறுப்பாயின. உண்பதற்கு விளைவித்தவன் விற்பதற்கு விளைவிப்பவன் ஆனான்.

விளைவு பெருகவே, மாடு மிதித்து முடியாத சூடுகளை உழவு இயந்திரத்தின் சில்லுகள் மிதிக்கலாயின. பலநாள் வேலை சிலமணி நேரத்தில் முடிந்தது. ஆனால் மண்ணும் கல்லும் நெல்லோடு கலந்தன, மணிகள் வெடித்தன. வெடித்த மணி ஆலையிற் குருணையாகும். உருக்குத் தண்டாலான பழைய ஆலைகள் அவ்வுடைவை மேலும் பெருக்கின. இவ்வாறு இழப்பானது வைக்கோலை விட்டு மணியினுள்ளே புகுந்தது; அதனாற் கண்ணுக்குப் புலப்படாததும் ஆயிற்று.

ஆராய்ச்சியின் தோற்றம்

இவ்விடர் எமக்கு மாத்திரம் உரியதன்று. வடகீழ்ப் பருவமழையைக் கொண்டு வாழும் காவிரிப் படுகையிலும் இதுவே நேர்ந்தது. விரைவில் விளையும் குறுவை நெல்லின் அறுவடை மழையோடு மோதிற்று. அறுத்த நெல் களத்திலே நனைந்து முளைத்தது. இதன் பயனாக 1967இல் திருவாரூரில் நெல் பதனிடும் முறைகளை ஆராயும் கூடம் ஒன்று தோன்றிற்று. மைசூரில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழினுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதற் பணிப்பாளராயிருந்த வி. சுப்பிரமணியன் அதனை உருவாக்கி வழிநடத்தினார். ஈரநெல்லோடு உப்பைக் கலந்து, உலர்த்த வாய்ப்பு வரும்வரை கெடாது காக்கும் முறை அங்கு ஆராயப்பட்டது. அக்கூடமே தஞ்சாவூரில் இன்று தேசிய நிறுவனமாக வளர்ந்து நிற்கின்றது. உழவனின் துன்பம் நிகழ்ந்த இடத்திலேயே ஆராய்ச்சிக் கூடம் அமைந்தமை கருதத்தக்கது.

உலக அரங்கிலும் இவ்வுணர்வு எழுந்தது. 1974இல் உரோமாபுரியிற் கூடிய உலக உணவு மாநாட்டை அடுத்து, 1975இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் ஏழாவது சிறப்புக் கூட்டத்தொடர், அறுவடைக்குப் பின்னான இழப்பை 1985ஆம் ஆண்டளவிற் பாதியாகக் குறைத்தல் வேண்டும் என இலக்கு வகுத்தது. அவ்விலக்கு எய்தப்படவில்லை. 2015இல் அதே சபை, 2030ஆம் ஆண்டை எல்லையாகக் கொண்ட நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளுள் உணவிழப்பைக் குறைத்தலை மீண்டும் எழுத நேர்ந்தது.

இலங்கையில் 1976இல் அனுராதபுரத்தில், நெற் சந்தைப்படுத்தற் சபையின் கீழ், நெல் பதனிடல் ஆராய்ச்சிக்கென ஒரு நிலையம் தொடங்கிற்று. 2000ஆம் ஆண்டில் அதன் எல்லை விரிந்து, பழமும் காய்கறியும் உட்பட்ட பயிர்கள் அனைத்துக்குமான நிறுவனமாயிற்று. இன்று தேசிய அறுவடைக்குப் பின்னான முகாமைத்துவ நிறுவனம் என வழங்குகின்றது. ஆராய்ச்சி, பயிற்சி, உழவரிடையே பரப்புதல் என்னும் மூன்றும் அதன் கடமைகள். அதன் பணி பாராட்டற்குரியது. ஆயினும் அனுராதபுரத்து ஆய்வுகூடத்தில் விளங்கும் உண்மை நிந்தவூர் வட்டையில் விளங்குதற்கு இடையே நீண்ட வழியுண்டு. அவ்வழியில் மனிதர் நடக்க வேண்டும். அறிக்கை தானாக நடவாது.

இயந்திரமும் ஈரமும்

2000ஆம் ஆண்டுக்குப் பின் இம்மாவட்டத்திற் பெரிய அறுவடை இயந்திரங்கள் பரவின. அறுத்தல், அடித்தல், தூற்றல் மூன்றையும் அவை ஒரேவேளையிற் செய்தன. ஆளின்றித் தவித்த உழவனுக்கு அது வரமே. ஆனால் முன்னாளில் உப்பட்டியாகவும் சூடாகவும் கிடந்த நாள்களில் நெல் தானே உலர்ந்து வந்தது என்பதனை நாம் மறந்துவிட்டோம். சூடு மறைந்தபோது அதனோடு உலர்த்தலும் மறைந்தது. காலையிற் பயிராய் நின்ற நெல் மாலையில் ஈரத்தோடு சாக்கில் ஏறிற்று.

நெல் அறுவடைக்கு ஏற்ற நிலையில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரை ஈரம் கொண்டிருக்கும். சேமித்தற்கு அது 14க்கு மேற்படலாகாது; விதைநெல்லுக்கு 12 நன்று. ஈரநெல்லைக் குவித்து வைப்பின், மணி மூச்சுவிடுதலாற் சூடேறி, பூஞ்சணம் படர்ந்து, ஓரிரு நாளிலேயே அரிசி மஞ்சளிக்கத் தொடங்கும். இதனை அறிந்தும் உழவர் உலர்த்தாது விற்பது ஏன்? அறியாமை அல்லது சோம்பல் என எளிதாகக் கூறிவிடுவோர் உளர். கணக்கு வேறுவிதமாகப் பேசுகின்றது.

நூற்றுக்கு 22 பங்கு ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர்பொருள் 78 கிலோ. ஈரம் 14 ஆகும்வரை உலர்த்தினால் எஞ்சுவது ஏறக்குறைய 90.7 கிலோ. அதாவது, உலர்ந்த நெல்லின் கிலோ விலை ஈரநெல்லின் விலையிலும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் உயர்ந்திருந்தாலன்றி, உலர்த்தியவனுக்குக் கைவந்தது முன்னையதிலும் குறைவேயாகும். உலர்த்திய கூலியும், படங்கின் விலையும், மழைக்கு அஞ்சிய இரவும் கணக்கிற் சேரா. சபை கொள்வனவு செய்வதோ 14க்கு மேற்படாத ஈரமுள்ள நெல்லை. கடன்காரன் வாயிலில் நிற்க, உலர்த்த இடமுமின்றி, வயலோரத்தில் வந்து நிற்கும் வியாபாரியிடம் அவர் சொன்ன விலைக்கே உழவன் கொடுத்துவிடுகின்றான். மணற்பட்டியின் இடநெருக்கடி இங்குத்தான் வந்து முட்டுகின்றது. எஞ்சியோர் தார்வீதியின் ஓரத்திலே நெல்லைப் பரப்புகின்றனர். வாகனச் சில்லில் மணி நொறுங்குகின்றது, உச்சிவெயிலிற் கடுந்தார்ச் சூட்டில் விரைந்து உலர்ந்த மணி உள்ளே வெடிக்கின்றது, வழிச்செல்வோருக்கும் ஆபத்து.

சபையின் கதையும் அறியத்தக்கது. 1990களிற் செயலிழந்த அது, 2008ஆம் ஆண்டளவில் மீண்டும் இயங்கத் தொடங்கிற்று. களஞ்சியப் பற்றாக்குறையோ தீர்ந்தபாடில்லை. 2015இல் மத்தள விமான நிலையத்துக் கட்டடங்களிலும் நெல் வைக்க நேர்ந்தது. அதற்கு முன், 2011 சனவரி, பெப்ரவரி மாதங்களில் அடுத்தடுத்துப் பெருகிய வெள்ளம் கிழக்கின் பெரும்போக நெல்லை அறுவடைத் தறுவாயிற் கெடுத்தது. நனைந்த நெல்லை விரைந்து அவித்தோ இயந்திரத்தால் உலர்த்தியோ மீட்கும் வசதி ஊர்தோறும் இருத்தல் வேண்டும் என்பதனை அவ்வாண்டு உணர்த்திற்று.

கட்டளையும் கற்பித்தலும்

அறிவை மக்களிடம் சேர்க்கும் முறைகள் இரண்டு. ஒன்று கட்டளையிடல், மற்றது கற்பித்தல். இரண்டுக்கும் அண்மைக்கால வரலாற்றில் எடுத்துக்காட்டு உண்டு.

2011ஆம் ஆண்டின் இறுதியில், பழங்களையும் காய்கறிகளையும் சாக்குகளில் அடைத்து ஏற்றாது பிளாத்திக்குப் பெட்டிகளிலேயே ஏற்றுதல் வேண்டும் என அரசு கட்டளையிட்டது. அதன் விஞ்ஞானம் பிழையற்றது. சாக்கில் நசுங்கி அழியும் காய்கறி மிகுதி. ஆனாற் பெட்டியை யார் வாங்குவது, வெறும்பெட்டி எவ்வாறு திரும்பி வருவது, கூலி யார்மேல் விழும் என்பவற்றை உழவரோடும் வணிகரோடும் இருந்து பேசித் தீர்க்குமுன்னரே கட்டளை வந்தது. தம்புள்ளை முதலிய சந்தைகளில் எதிர்ப்பு எழ, அரசு அதனைத் தளர்த்த நேர்ந்தது.

மற்றையது எம் கல்லோயாவிலேயே நிகழ்ந்தது. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து, 1981இல் இடதுகரைப் பகுதிக்கு இளம் பட்டதாரிகளை அமைப்பாளராக அனுப்பின. அவர்கள் அங்கேயே தங்கி, வீடுவீடாகச் சென்று உழவரின் குறைகளைக் கேட்டனர். ஒரே வயல்வாய்க்காலைப் பகிர்வோரைச் சிறுகுழுக்களாகக் கூட்டினர். நீர்த்தேக்கம் நாலில் ஒரு பங்களவே நிரம்பியிருந்த வறண்ட காலம் அது. வாய்க்கால் தலைப்பிலிருந்தோர் முறைவைத்து நீரைக் கடைமடைக்கு விட்டனர். தூர்ந்த வாய்க்கால்களைத் தாமே வெட்டினர். தீராப் பூசல் எனக் கருதப்பட்டது, சேர்ந்திருந்து பேசியதனால் தணிந்தது. இதனை நோர்மன் அப்கோவ் என்னும் அறிஞர் 1992இல் நூலாக எழுத, உலகம் படித்தது. அந்நூல் நீரைப் பற்றியதேயாயினும் அதன் பாடம் நெல்லுக்கும் உரியது.

செய்யத்தக்கவை

இவ்வரலாற்றினின்றும் பெறப்படுவன சில. முதலாவதாக, வட்டை தோறும் உள்ள கமக்காரர் அமைப்பிடம் ஈரமானி ஒன்று இருத்தல் வேண்டும். எடையை அளக்கும் தராசு வியாபாரியிடம், ஈரத்தை அளக்கும் கருவியும் வியாபாரியிடம் என்றால் விலை பேச உழவனிடம் எஞ்சுவது யாது? கருவி இல்லாவிடத்து எளிய சோதனை ஒன்றுண்டு. நன்கு வறுத்த உப்பு ஓரிரு கரண்டியை நெல்லோடு உலர்ந்த கண்ணாடிப் போத்தலிலிட்டுக் குலுக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால், ஈரம் 15க்கு மேற்பட்டிருப்பின் உப்புக் கண்ணாடியில் ஒட்டும். இதனைப் பாடசாலை மாணவரும் செய்து காட்டலாம்.

இரண்டாவதாக, உலர்த்துதளமும் உலர்த்தும் இயந்திரமும் தனியொருவரால் இயலாதவை; மணற்பட்டி ஊர்களில் அவை பொதுவாகவே அமைதல் வேண்டும். வாய்க்காலைப் பகிர்ந்தோர் தளத்தையும் பகிரலாம். மூன்றாவதாக, காற்றுப் புகாத சாக்குகள் போன்ற புதிய சேமிப்பு முறைகளைப் பெண்களுக்கு முதலிற் கற்பித்தல் நன்று; நெல்லை வீட்டிற் காத்த அறிவு அவர்களுடையதன்றோ? நான்காவதாக, ஆராய்ச்சியின் முடிவுகள் எம் உழவர் வழங்கும் தமிழில், களவெட்டியும் பொலியும் பட்டறையும் ஆகிய அவர்தம் சொற்களிலேயே எழுதப்படல் வேண்டும். ஒலுவிலில் 1990களின் நடுப்பகுதியில் எழுந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எம் வயல்களின் நடுவே நிற்கின்றது. அதன் மாணவர் அறுவடைக் காலத்தில் வட்டைக்குச் செல்வராயின், திருவாரூர் செய்ததனை நாமும் செய்யலாம்.

குளத்துக்கும் விதைக்கும் நாம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்தோம். ஒரு புசலை மேலதிகமாய் விளைவிப்பதற்கு நிலமும் நீரும் பசளையும் வேண்டும். விளைந்த ஒரு புசலைக் காப்பதற்கோ அறிவும் கூட்டுறவும் சிறிது இடமும் போதும். அவ்வாறு காக்கப்படும் நெல்லிற் போடியாரின் பங்கும் உண்டு. கூலிக்காரனின் பங்கும் உண்டு. சக்காத்தை எதிர்நோக்கி நிற்கும் ஏழையின் பங்கும் உண்டு. எனவே அதனைக் காத்தல் பொருளாதாரம் மாத்திரமன்று, அறமும் ஆகும் என்க.